கொடுத்த செடியே நமக்கு மிஞ்சும்

(பங்கு மக்கள் தங்கள் வீட்டுச் செடிகளையும் விதைகளையும் பரிமாறிக்கொண்ட கூட்டத்தில், மாசி மாதத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

இன்று நம் ஆலய முற்றத்தைப் பார்க்கும்போது சந்தை கூடியிருப்பது போலத் தோன்றுகிறது. ஆனால் இங்கே தராசும் இல்லை, கல்லாப் பெட்டியும் இல்லை. ஒரு தாயார் முருங்கைப் போத்தைக் கொண்டு வந்திருக்கிறார். இன்னொருவர் பழைய பால் பாக்கெட்டில் மல்லிகைப் பதியனை வைத்திருக்கிறார். ஒரு பெரியவர் சாம்பலில் புரட்டிக் காயவைத்த அவரை விதையைத் துணியில் முடிந்து எடுத்து வந்திருக்கிறார். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிப் போகிறீர்கள். இந்தச் சிறு காரியத்திற்குள் எவ்வளவு பெரிய காரியம் அடங்கியிருக்கிறது என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

குளிர் நாடுகளில் வசந்தம் பிறந்ததும் இத்தகைய கூட்டங்கள் நடைபெறுகின்றன. பிரான்சு நாட்டில் ஊருக்கு ஊர் செடி மாற்றும் நாள் உண்டென்று அங்கே குடியேறிய நம் புதுவை உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கனடாவின் வான்கூவர் நகரில் 1990ஆம் ஆண்டு தொடங்கிய விதைப் பரிமாற்ற நாள், பின்னர் அந்நாட்டின் பல ஊர்களுக்கும் பரவியது. நமக்கோ இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கத்திரி வெயில் சுட்டெரிக்கும் காலம். ஆகவே மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிஞ்சியிருக்கும் தையும் மாசியுமே நமக்கு வசந்தத்தின் இடத்தில் இருக்கின்றன. நம் தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனிக் கண்காட்சி பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் நடைபெறுவதும் இதற்குப் பொருத்தமே.

அந்தப் பூங்காவே பரிமாற்றத்தால் வளர்ந்ததுதான். 1826ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியில் அது உருவாயிற்று. பிற்காலத்தில் அதைப் பேணியவர் சாமுவேல் பெரோத்தே என்னும் தாவர அறிஞர். பல கடல்களைக் கடந்து செடிகளைச் சேகரித்த அவர், 1870இல் இந்தப் புதுவை மண்ணிலேயே காலமானார்.

நம் வீட்டுக் கொல்லையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொய்யா, அன்னாசி, பப்பாளி, முந்திரி ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாயும் அப்படியே. போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பு நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தார்கள். புதிதாக வந்த காய்க்கு அந்த மிளகின் பெயரையே சேர்த்து மிளகாய் என்று அழைத்தார்கள். வெள்ளை நகரத்து மதில்களில் தொங்கும் காகிதப்பூவுக்கு உலகம் வழங்கும் பெயர் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவருடையது; 1767இல் அவருடைய கப்பலோடு சென்ற கொமெர்சோன் என்ற அறிஞர் அச்செடியைப் பிரேசில் நாட்டில் கண்டு சேகரித்தார். ஆகவே யாரோ கொடுத்து, யாரோ வாங்கி வைத்தவைகளால்தான் நம் தோட்டமும் நம் அடுப்பங்கரையும் நிறைந்திருக்கின்றன.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். 'என்னிடம் இருப்பது ஒரே ஒரு செடி, அதை எப்படிக் கொடுப்பேன்?' என்று சிலர் எண்ணலாம். ஒரே ஒரு செடி இருக்கிறது என்பதாலேயே அதைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். நகையைப் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றலாம். உயிருள்ள செடியை அப்படிக் காப்பாற்ற முடியாது. பத்து வீடுகளில் வைத்துத்தான் காப்பாற்ற முடியும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன் அவர்களை நீங்கள் அறிவீர்கள். நம்மாழ்வார் ஐயாவின் வழியில் நின்று, மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் வகைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெல்லையெல்லாம் சேர்த்த அவர், அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. 2006ஆம் ஆண்டு ஆதிரெங்கம் கிராமத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். வரும் உழவருக்கு 2 கிலோ விதை நெல் கொடுப்பார்; விளைந்தபின் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த 4 கிலோ மேலும் இருவருக்குப் போகும். 2018 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். ஆனால் அவர் கொடுத்த நெல் அவரோடு மறையவில்லை. அவர் கையில் மட்டும் இருந்திருந்தால் மறைந்திருக்கலாம். ஆயிரம் வயல்களில் இருந்ததால் வாழ்கிறது.

கடலோரத்தில் வாழும் நமக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மாவும் பலாவும் தென்னையும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது, தெருவெல்லாம் ஆறாயிற்று. தேங்காயின் பெயரையே தாங்கிய நம் ஊருக்கு ஒரு தென்னை சாய்வதன் வலி என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல மரம் ஒன்று உங்கள் வீட்டில் சாய்ந்தாலும், அதன் நெற்றில் முளைத்த பிள்ளை வேறொரு வீட்டில் நின்றால் அந்த வம்சம் போகவில்லை. மல்லிகைக் கொடியை வெள்ளம் அழுகச் செய்தாலும், முன்பு பதியன் வாங்கிப் போன அக்காவிடம் போய், 'எனக்கொரு பதியன் கொடுங்கள்' என்று உரிமையோடு கேட்கலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊர் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியது. உப்பங்கழியில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. உப்புக் காற்றும் உவர்ப்பேறிய நீரும் நமக்குப் புதிதல்ல. எங்கோ செம்மண்ணில் நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த கன்று, கடையில் பார்க்கும்போது கொழுகொழுவென்று இருக்கும். நம் மண்ணுக்கு வந்தபின் நுனி கருகும். பக்கத்து வீட்டில் பத்து ஆண்டுகள் நின்று காய்த்த மரத்தின் போத்தோ, நம் காற்றையும் நம் தண்ணீரையும் தாங்கித் தேர்ச்சி பெற்றது. அதற்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

ஆனால், அன்பர்களே, கொடுப்பதிலும் பொறுப்பு வேண்டும். நல்ல மனத்தோடு கொடுத்த செடி, வாங்கியவர் தோட்டத்தையே அழித்துவிடக் கூடும். பழனி மலைச்சரிவில் விளையும் விருப்பாட்சி வாழையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பேர் போன பழம் அது. 1970களிலிருந்து முடிக்கொத்து நோய் அந்த வாழைத் தோட்டங்களைச் சூறையாடிற்று. அந்த நோய் அசுவினிப் பூச்சியால் பரவும். நோயுள்ள தாய் வாழையின் கன்றை எடுத்து நட்டாலும் பரவும். 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, தோட்டம் தோட்டமாகப் பரவிப் பெரும் நட்டம் விளைவித்தது. 2010இல் அதன் இயற்கை எதிரியான சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட பிறகே அது அடங்கிற்று. அழகுக்காகக் கொண்டு வந்த ஆகாயத்தாமரை குளங்களை மூடியதும், பூவுக்காக வளர்த்த உண்ணிச்செடி காடுகளை வளைத்துக்கொண்டதும் நாம் அறிந்தவையே.

ஆகவே சில முறைகளைக் கடைப்பிடிப்போம். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, வெண்பூச்சியோ மாவுப்பூச்சியோ இருந்தால் அந்தச் செடியை இங்கே கொண்டு வர வேண்டாம். வாழைக்கன்றில் அகன்ற இலையுடைய நீர்க்கன்று கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் குறுகிய இலையுடைய ஈட்டிக்கன்றே நல்ல தார் தரும், அதையே கொடுங்கள். உச்சி இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும் வாழையிலிருந்து எந்தக் கன்றும் எடுக்காதீர்கள். விதையைக் கொடுக்கும்போது எந்த ஆண்டு விளைந்தது என்பதைச் சீட்டில் எழுதி வையுங்கள். வீட்டிற்குக் கொண்டு போன செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்து, பிறகு மற்றச் செடிகளோடு சேருங்கள். இப்போது நடுகிறவர்கள் சித்திரை, வைகாசி முடியும்வரை நிழலும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் தொட்டியிலேயே வைத்திருந்து ஆடியில் நடலாம்.

நிலம் இல்லையே என்று தயங்குவோரும் இருப்பீர்கள். கொல்லைகள் சுருங்கி, வீடுகள் மேலே உயர்ந்துவிட்ட காலம் இது. ஆயினும் மொட்டை மாடியில் நான்கு தொட்டி வைக்க இடமுண்டு. தூதுவளையும் கற்பூரவல்லியும் துளசியும் வளர்வதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. கொண்டு வர ஒன்றும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வந்ததற்காகக் கூச்சப்பட வேண்டாம். இன்று வாங்கிச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு கொடுக்கிறவர்களாக வாருங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இன்று யார் எதைக் கொடுத்தார், யார் எதை வாங்கினார் என்று அதில் எழுதி வைப்போம். திருத்துறைப்பூண்டி உழவர்கள் இரண்டுக்கு நான்காகத் திருப்பித் தந்ததுபோல, ஒரு செடி வாங்கியவர் அடுத்த மாசியில் இரண்டு செடியாகக் கொண்டு வரட்டும். அவற்றில் ஒன்று புதிதாய் வந்தவருக்கு. மற்றொன்று புயலிலோ வெயிலிலோ செடியை இழந்தவருக்கு. யாருடைய தோட்டம் பட்டுப் போனாலும், அதன் விதை நம்மில் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கையை அந்த நோட்டு நமக்குக் கொடுக்கும்.