சவலைப் பிள்ளையும் போஷாக்கு நிபுணரும்



சவலைப் பிள்ளை என்னும் சொல் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருவது. தாய் மீண்டும் கருவுற, முலைப்பால் குன்றி மெலியும் மூத்த மகவையே முன்னோர் அவ்வாறு அழைத்தனர். இரண்டாம் அடியில் தனிச்சொல் குறைந்து வரும் வெண்பாவுக்கும் யாப்பிலக்கணத்தார் சவலை வெண்பா என்றே பெயரிட்டனர். பெற வேண்டியதைப் பெறாத குறையை இவ்வொரு சொல் எத்துணை இரக்கத்தோடு உணர்த்துகின்றது! இதற்கு ஒப்பானதொரு சொல் ஆபிரிக்காவிலும் இருந்தது. அதனைச் செவிமடுத்த ஒரு வைத்தியராலேயே குழந்தைப் போஷாக்குத் துறையில் ஒரு புதிய வாயில் திறந்தது.

அவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. 1893ஆம் ஆண்டு ஜமேக்காவிற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் கல்வி பயின்ற அவர், 1929இல் கோல்ட் கோஸ்ட் சென்றார். அன்று ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த அந்நாடே இன்றைய கானா. ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் பலர் கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, எந்நேரமும் சிணுங்கியவராய் அவர்முன் கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பலர் பிழைக்கவில்லை. கற்ற நூல்களில் இந்நோயின் பெயர் அவருக்கு அகப்படவில்லை.

ஆகவே அவ்வூர்ப் பெண்களிடம் கேட்டார். அங்கு வழங்கும் கா மொழியில் அதற்குக் குவாஷியோர்க்கர் என்பது பெயர். அடுத்த குழந்தை பிறந்ததும், தன் இடத்தை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் வரலாறு முழுவதும் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. புதிய குழந்தைக்காக மூத்த குழந்தை தாய்ப்பாலினின்றும் விலக்கப்பட்டது. ஈடாகக் கிடைத்ததோ வெறும் சோளக் கஞ்சி.

1933இல் அவர் தம் குறிப்புகளை வெளியிட்டார். 1935இல் லான்செற் என்னும் மருத்துவ ஏட்டில் அக் கா மொழிப் பெயரையே நோய்க்குச் சூட்டினார். இது சோளம் உண்போருக்கு வரும் பெல்லாக்ரா என்னும் பழைய நோயே என்று அறிஞர் சிலர் மறுத்தனர். பெல்லாக்ராவில் வெயில் படும் இடங்களிலேயே தோல் கெடும். இக் குழந்தைகளின் நிலை அவ்வாறன்று என்பதைத் தாம் கண்டெழுதிய குறிப்புகளைக் கொண்டு அவர் எடுத்துக் காட்டினார். நோயின் பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். மருந்து பிழைத்தால் போவது குழந்தையின் உயிரன்றோ?

பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்ட அவர், அங்கே வேறொரு கேட்டைக் கண்டார். தாய்ப்பாலுக்கு ஈடாக இனிப்பூட்டிய டின்பால் விளம்பரம் செய்யப்பட்டது. அதனை நம்பிய தாய்மாரின் குழந்தைகள் நலிந்தன. 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்று அவர் தலைப்பிட்டார். போர்க்காலத்தில் சிறைவாசமும் அனுபவித்த அவர், 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

எனினும் கல்வி அத்துடன் முற்றுப்பெறவில்லை. புரதக் குறைவே இந்நோய்க்கு முழுக் காரணம் எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. 1970களில் அக் கொள்கை வன்மையாகக் கேள்விக்குள்ளானது. நலிந்த உடலுக்குத் தொடக்கத்திலேயே மிகுந்த புரதத்தை ஊட்டுவது தீங்காகும் என்பதும் தெளிவாயிற்று. 1999இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நூல் முறையாக ஒழுங்கு வகுத்தது. முதலில் 100 மில்லிலீற்றருக்கு 75 கலோரி தரும், புரதம் குறைந்த பாலைச் சிறிது சிறிதாக, இரவிலும் இடையறாது ஊட்டவேண்டும். உடற்சூட்டைக் காத்துக் கிருமித் தொற்றுக்கும் மருந்தளிக்கவேண்டும். பசி மீண்டு வீக்கம் தணியத் தொடங்கிய பின்னரே 100 கலோரி தரும் பாலுக்கு மாறவேண்டும். அன்பு மிகுதியால் அவசரப்பட்டு ஊட்டுவதும் ஆபத்து என்பது இதன் பாடம்.

ஆதலின் குழந்தைகளின் போஷாக்கு நிபுணராக விரும்பும் இளைஞர் முதலிற் பயில வேண்டியவை மூன்று. ஒன்று, கண்ணால் அளத்தல். வீங்கிய பிள்ளை கொழுத்த பிள்ளைபோலத் தோன்றும்; தராசும் ஏமாற்றிவிடும். இரு பாதங்களையும் பெருவிரலால் அழுத்தி, குழி விழுகின்றதா என்று பார்க்கவேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேற்கை நடுச்சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால், அது கடுமையான மந்தபோஷணையின் அடையாளம். இரண்டு, செவியால் அறிதல். வீட்டில் அடுப்பெரிவது எத்தனை வேளை, பிள்ளைக்கு ஊட்டுபவர் யார், முட்டையும் நெத்தலியும் பயறும் யாருடைய கோப்பைக்குப் போகின்றன என்று கேட்கவேண்டும். இலங்கையில் 1970களில் தோன்றிய திரிபோஷ மாவாயினும், பொதியைக் கையளிப்பதோடு கடமை தீராது. ஒரு பிள்ளைக்குரிய மாவை எத்தனை பிள்ளைகள் பகிர்ந்துண்கின்றனர் என்பதையும் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். மூன்று, நேற்றுக் கற்றது இன்று பிழையென நிறுவப்படின், நாணாது திருத்திக்கொள்ளுதல்.

இவற்றுள் செவியால் அறிதலே அரிது. மெலிந்த பிள்ளையுடன் வரும் தாய், குற்றவாளியைப் போல் தலைகுனிந்து நிற்பாள். அவளைக் கடிந்துகொண்டால், அடுத்தமுறை அவள் வரமாட்டாள், பிள்ளையும் வராது. அமரச் செய்து கேட்டால், நூல்களிற் காணாத செய்தியொன்றை அவள் சொல்லக்கூடும். அக்ராவில் நிகழ்ந்தது அதுவே. பட்டம் பெற்றவர் வினவினார். எழுத்தறியாப் பெண்களும் வழங்கிய ஒரு சொல் விடை தந்தது. அவ்விடையால் உலகெங்கும் சவலைப் பிள்ளைகளுக்கு வாழ்வு கிடைத்தது.