நான்காம் யாமத்து ஒளி



திருகோணமலையிலே, கடலோரக் குன்றின்மேல் விளங்கும் கோணேசர் ஆலயத்தில் சிவராத்திரியன்று நான்கு யாமப் பூசைகள் நிகழும். ஆலயத்தாரின் அனுமதியுடன் படமெடுப்பவரின் பிளாஷ் விளக்கு முதலாம் யாமத்தில் தாராளமாக மின்னும். விடியற்காலத் தீபாராதனையிலோ கைவிட்டுவிடும். காரணம் யாது?

மின்கலம் நேரே ஒளி தருவதில்லை. அது கொள்ளளவி ஒன்றை ஏறக்குறைய 300 வோல்ற்று வரை நிரப்புகிறது. அம்மின்னே கணப்பொழுதில் ஒளியாகிறது. மின்கலம் களைக்கக் களைக்க, நிரம்பும் நேரம் நீளும்.

ஆகவே, சற்று அருகே நின்று, கமராவின் ஒளியுணர்திறனை உயர்த்திக் கால்வாசி வலுவில் எடுங்கள். ஏறத்தாழ நான்கு மடங்கு படங்கள் கிட்டும். மீள மின்னேற்றத்தக்க நிக்கல் கலங்கள் விரைந்து நிரப்பும். அவற்றுள் ஒரு தொகுதியை நான்காம் யாமத்துக்கென்றே தொடாமல் வையுங்கள். மின்கலத்தை மீண்டும் நிரப்பலாம். தவறிய தீபாராதனையை மீட்க முடியாது.