எந்தக் கலர் ஸ்பேஸில் வேலை செய்வது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வீடியோ கலர் கரெக்‌ஷன் துறையில் இருக்கிறேன் என்றதும் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எந்தக் கலர் ஸ்பேஸில் வேலை செய்யணும்?"

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் மட்டும். அது எந்தச் சிவப்பு, எவ்வளவு வெளிச்சம் என்று அர்த்தம் சொல்வதுதான் கலர் ஸ்பேஸ். ஹெச்.டி. டி.வி.க்காக 1990-ல் வந்தது ரெக். 709. கண்ணுக்குத் தெரியும் நிறங்களைக் காட்டும் சி.ஐ.இ. 1931 வரைபடத்தில் அது சுமார் 36 சதவீதப் பரப்பைத்தான் பிடிக்கிறது. 2012-ல் வந்த ரெக். 2020 சுமார் 76 சதவீதம்.

இதோ, இந்த மேடையின் நீல எல்.இ.டி. விளக்கைப் பாருங்க. இந்த மாதிரி அடர்ந்த நீலம் 709-க்குள் அடங்காது. கேமரா பிடித்துவிடும், ஆனால் முதல் வேலையாக 709-க்கு மாற்றினால், அடங்காதது வெட்டுப்பட்டு, முகத்தில் விழுந்த நீலம் பெயின்ட் அடித்தது போலத் தட்டையாகிவிடும். பிறகு எந்தச் சக்கரத்தைத் திருகினாலும் கன்னத்தின் மேடுபள்ளம் திரும்பி வராது. ஆகவே பெரிய ஸ்பேஸில் வேலையை முடித்து, கடைசியில்தான் 709-க்கு இறக்க வேண்டும். குழம்பை அண்டாவில் கிளறிவிட்டுக் கிண்ணத்தில் ஊற்றுகிறோம் இல்லையா, அப்படி.

பெரிசாக இருந்தால் மட்டும் போதாது. வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடினால் இரட்டிப்பாகும்: 0.18, 0.36, 0.72. லீனியரில் இந்த இடைவெளி விரிந்துகொண்டே போவதால் சக்கரம் கைக்கு அடங்காது. லாக் முறையான ஏசஸ்-சிசிடியில், அடி நிழலைத் தவிர, ஒவ்வொரு ஸ்டாப்பும் ஏறக்குறைய 0.057 தான். இதற்கு முன் 2014-ல் வந்த ஏசஸ்-சிசி, நிழல் பகுதியில் கலரிஸ்டுகளின் கைப்பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை. 2016-ல் அந்தப் பகுதியை மட்டும் வளைத்துச் சிசிடி ஆக்கினார்கள். பொறியாளர்கள் பயன்படுத்துபவரின் பேச்சைக் கேட்ட அபூர்வமான சம்பவம்! (சிரிப்பு) அவுட்-ஃபோகஸ் மங்கலுக்கும் படங்களை ஒட்டுவதற்கும் மட்டும் லீனியரே சரி.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பல கேமரா, பல இடங்களில் கிராஃபிக்ஸ் வேலை என்றால் ஏசஸ். எல்லாம் ரிசால்வ் ஒன்றிலேயே முடியும் என்றால், அதன் 17-ஆம் பதிப்பில் வந்த டாவின்சி வைட் கேமட். போனில் 8 பிட்டில், 709-லேயே எடுத்த கல்யாண வீடியோவா? 709-லேயே செய்யுங்க. 256 படியை அண்டாவில் போட்டாலும் 256 படிதான்.

எதுவானாலும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். சக்கரத்தில் நீங்கள் வைத்த எண்கள் அந்த ஸ்பேஸில்தான் செல்லும்; பாதியில் மாற்றினால் அத்தனை ஷாட்டையும் மறுபடி உட்கார்ந்து பார்க்கணும். 709-ல் முடித்துவிட்ட படத்துக்கு, பிற்பாடு ஓ.டி.டி.க்காரர்கள் ஹெச்.டி.ஆர். கேட்டாலும் இதே கதிதான். பெரிய ஸ்பேஸில் செய்திருந்தால் வெளியீட்டு மாற்றத்தை மட்டும் மாற்றி, ஷாட் ஷாட்டாகச் சிறு திருத்தம் செய்தால் ஆயிற்று. அதற்கு ஹெச்.டி.ஆர். மானிட்டர் ஒன்று வேண்டும், வாடகைக்குக் கிடைக்கிறது.

மாணவர்கள் கேள்விகளை மதியச் சாப்பாட்டின்போது தாராளமாகக் கேட்கலாம்.