ஆக்ஸலாட்டல் சாப்பிடாவிட்டால்



வீட்டு நாய் சோற்றைத் தொடாமல் படுத்துக்கொண்டால் தடவிப் பார்க்கிறோம், கூப்பிட்டுப் பார்க்கிறோம். கண்ணாடித் தொட்டிக்குள் வாழும் ஓர் உயிர் சாப்பிட மறுத்தால்? அது முனகாது, காலைச் சுற்றி வராது. உணவை மறுப்பதுதான் அது நமக்குச் சொல்லக்கூடிய முதல் சேதி. அப்படியொரு உயிரான ஆக்ஸலாட்டலைப் பற்றி இன்று பேசலாம்.

ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம். தலையின் இருபுறமும் இறகுபோல மும்மூன்று செவுள்கள். இமையில்லாத சிறு கண்கள். பார்த்தால் மீன் என்று தோன்றும். உண்மையில் தவளைக்கு உறவான சாலமாண்டர் இனம். சாலமாண்டர்களில் பல வளர்ந்ததும் செவுள்களை இழந்து கரையேறிவிடும். இதுவோ செவுள்களோடு ஆயுள் முழுவதும் தண்ணீரிலேயே இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும்.

இதன் தாயகம் மெக்சிகோ நகரின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர் அது. அந்தக் குளிர்ந்த நீருக்கென்றே அமைந்த உடம்பு இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் வைத்தியத்தில் பாதி முடிந்த மாதிரி.

ஆக்ஸலாட்டல் சாப்பிடவில்லை என்றதும் வளர்ப்பவர்கள் உணவை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மண்புழு, உறைய வைத்த புழு, இறால் என்று எல்லாம் தொட்டிக்குள் போகின்றன. சிலர் வாயைத் திறந்து திணிக்கவும் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மெல்லிய தாடையும் தோலும் புண்ணாகிவிடும். வளர்ந்த ஆக்ஸலாட்டல் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் சாப்பிடும். உடல் தேறியதாக இருந்தால் இரண்டு வாரம்கூடத் தாங்கும். லங்கணம் பரம ஔஷதம் என்று பெரியவர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும். விரல் நீளக் குஞ்சுகளுக்கு மட்டும் அந்த அவகாசம் கிடையாது; அவை தினமும் சாப்பிட வேண்டியவை.

கிடைத்த இந்த அவகாசத்தில் தண்ணீரைப் பாருங்கள். முதலில் வெப்பமானியைத் தொட்டியில் இறக்குங்கள். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இதற்குச் சுகமானது. 24 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைகிறது. உடம்புக்கோ அதே நேரத்தில் ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படுகிறது. இந்த நெருக்கடியில் முதலில் போவது பசி. தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி மின்விசிறி வைத்தால் சில டிகிரி குறையும். மூடிய பாட்டிலில் ஐஸ் கட்டி மிதக்க விடலாம். ஆனால் படிப்படியாகத்தான் குளிர்விக்க வேண்டும். திடீர் மாற்றமும் அதிர்ச்சிதான்.

அடுத்தது அம்மோனியா. கழிவும் தின்னாமல் விட்ட உணவும் அழுகி அம்மோனியாவாகின்றன. வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகப் பல வாரம் ஆகும். மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். குளோரின் நீக்கும் மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, தொட்டியின் அடித்தளம். ஆக்ஸலாட்டல் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். கீழே சின்னக் கூழாங்கற்கள் இருந்தால் அவையும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். மலம் கழிக்காமல், வயிறு புடைத்து, மேலே மிதந்துகொண்டே இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். வெறும் கண்ணாடித் தரையே பத்திரம்.

உடம்பும் சேதி சொல்லும். செவுள்கள் முன்பக்கமாக வளைவது, வால் நுனி சுருள்வது, நிறம் வெளுப்பது எல்லாம் தவிப்பின் அடையாளங்கள். செவுளில் பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் பூஞ்சை. அப்போது குளோரின் நீக்கிய குளிர்ந்த நீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில், நிழலான இடத்தில், தனியாக வையுங்கள். தினமும் தண்ணீரை முழுவதுமாக மாற்றுங்கள். மீன்களுக்கான மருந்தைக் கடைக்காரர் சொன்னார் என்று ஊற்றிவிடாதீர்கள். தண்ணீரில் கலந்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும் தோல் இது. தாமிரம், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகள் இதைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று நாளில் தேறவில்லையென்றால், அல்லது புண்ணோ வீக்கமோ தெரிந்தால், இத்தகைய உயிர்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். தண்ணீரைச் சோதித்த அளவுகளையும் எழுதி எடுத்துப் போங்கள்.

நேயர்களே, வெட்டுண்ட காலை எலும்போடு திரும்ப வளர்த்துக்கொள்ளும் உயிர் இது. இதயத்திலும் மூளையிலும் இழந்த பகுதிகளைக்கூட மீட்டுக்கொள்ளும். ஆனால் கெட்டுப்போன தண்ணீரை வெல்ல அதனால் முடியவில்லை. 1998-இல் சோச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிட்டார்கள். 2014-இல் அது 36 ஆகிவிட்டது. நகரத்தின் கழிவு நீரும், உணவுக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டை, திலேப்பியா மீன்களும் சேர்ந்து செய்த வேலை. 50 பெசோ நோட்டில் படம் அச்சிட்டுப் பெருமைப்படும் நாட்டிலேயே, அதற்கு நல்ல தண்ணீர் அரிதாகிவிட்டது.

நம் ஊர்க் கோடையில் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஏற்கெனவே வளர்ப்பவர்கள், தொட்டியைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். அதுவும் உணவுபோல அன்றாடத் தேவைதான். புதிதாக வாங்க ஆசைப்படுகிறவர்கள், சித்திரை வெயிலிலும் மின்வெட்டிலும் அந்தத் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியாது என்று தோன்றினால், வாங்காமல் இருப்பதே நீங்கள் அதற்குச் செய்யும் பெரிய உதவி.