மன்றத்துக்கு நிற்பவர் முதலில் சொல்ல வேண்டியது

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது வேட்பாளரின் அறிக்கை நம் இல்லத்துக்கும் வந்து சேர்கிறது. குடிநீர், சாலை, சாக்கடை, தெருவிளக்கு, பூங்கா, பள்ளி என இருபது பொருள்கள் அதில் வரிசையாக நிற்கும். அனைத்துக்கும் முன்னுரிமை அளிக்கப்படும் என்று இறுதி வரி உறுதி கூறும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம் போன்றோரை இவ்வரி சற்றுத் தயங்க வைக்கிறது. ஒன்று முன்னே நின்றால் மற்றொன்று பின்னே நின்றாக வேண்டும். இருபதும் முன்னே நிற்பது எங்ஙனம்? ஆதலால், வேட்பாளர் தம் பணிகளை எவ்வாறு வரிசைப்படுத்த வேண்டும் என்பதை இன்று சற்றே ஆராய்வோம்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி மிகவும் தேவை. நம்மிற் பலர் பிழைப்பை நாடிப் பெயர்ந்தவர்கள். இருந்த இடத்திலிருந்து பெயராமலே வெளிமாநிலத்தார் ஆனவர்களும் உண்டு. சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தை எண்ணிப் பாருங்கள். 1911இல் உருவான அம்மாவட்டம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பாலசமுத்திரம் ஆந்திரத்திலேயே நின்றது. அங்குள்ள தமிழர்க்குத் தலைநகரம் மாறியது. ஏரியும் வீதியும் பள்ளியும் மாறவில்லை. சித்தூர் 2012இல் மாநகராட்சியாயிற்று. பாலசமுத்திரத்திலோ ஊராட்சியும் மண்டலப் பரிஷத்துமே உண்டு. மன்றம் சிறிதாயினும் பெரிதாயினும், வேட்பாளரிடம் நாம் கேட்க வேண்டியவை ஒன்றே.

முதலாவது, சொல்லும் பணி அவர் மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதா? அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு மாநிலங்கள் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களை அது பட்டியலிட்டது. ஆயினும் எவ்வளவு ஒப்படைப்பது என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. மும்பையில் குடிநீர் வழங்குவது மாநகராட்சியே. அங்குள்ள வேட்பாளர் குழாய்நீரைப் பற்றி வாக்களித்தால் அது பொருளுள்ள வாக்கு. தில்லியிலோ அப்பணி 1998இல் அமைந்த குடிநீர் வாரியத்தினுடையது. அங்கு மாநகராட்சிக்கு நிற்பவர் வீட்டுக்கு வீடு நீர் தருவேன் என்றால், பிறர் களஞ்சியத்து நெல்லைத் தானம் செய்வதாகவே கொள்ள வேண்டும். குப்பை அகற்றலையும் தொடக்கப் பள்ளிகளையும் பற்றி அவர் யாது சொல்கிறார் என்றே தில்லித் தமிழர் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பணம் எங்கிருந்து வரும்? சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவு தொடங்கச் செய்தார். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு என்று மன்றம் வரையறுத்தது. பணி இன்னது, இடம் இன்னது, செலவு இவ்வளவு என்ற தெளிவு அதில் இருந்தது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அரசு தடை செய்யவே, 1925இல் திட்டம் நின்றது; பின்னரே உயிர் பெற்றது. நற்பணியாயினும் நிதிக்கு வழி உறுதியாக இல்லையேல் குழந்தையின் தட்டு வெறுமையாகும்.

மூன்றாவது, கணக்குக் காட்டுவாரா? முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. அதனை இன்றைய மக்களாட்சி என்று சொல்லுதற்கில்லை. எனினும் அதன் ஒரு விதி இன்றும் நினைக்கத்தக்கது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பதே அது. அவ்வூரில் ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது. சமுத்திரம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல, பெரிய ஏரியை ஒட்டி எழுந்தவை. அத்தகைய ஊர்களில் ஏரியின் கரையும் மதகும் வரவுக் கால்வாயும் பட்டியலின் தலையில் நிற்பது இயல்பேயன்றோ?

இனி, நம் மொழி. தமிழர் மிகுந்த வட்டத்தில் வேட்பாளர் தமிழில் வணக்கம் சொன்னால் நம் உள்ளம் குளிர்கிறது. குளிரட்டும், ஆனால் அத்துடன் நின்றுவிடலாகாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு கூறுகிறது. 1956இல் சேர்க்கப்பட்ட அப்பிரிவில் உள்ளாட்சி என்ற சொல் வெளிப்படையாகவே உள்ளது. மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளில் தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. சித்தூர் மாவட்டத்து எல்லைப்புற ஊர்களிலும் தமிழ் வழித் தொடக்கப் பள்ளிகள் உண்டு. அப்பள்ளிக்குத் தமிழாசிரியர் உளரா, பாடநூல் உரிய காலத்தில் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்பவற்றை மன்றத்தில் எழுப்பத்தக்கவர் நம் வட்டத்து உறுப்பினரே. மாணவர் குறைந்து பள்ளி மூடப்பட்ட பின் தமிழ் மாநாடு கூட்டி வருந்துவதால் பயன் யாது?

அண்டை வீட்டார் எம்மொழியினராயினும் நீரும் துப்புரவும் அவர்க்கும் நமக்கும் பொது. பொதுவானவற்றுக்கு அவர்களோடு சேர்ந்து நிற்போம். பள்ளிக்கு அவர்கள் துணையையும் நாடுவோம். வாழும் ஊரின் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உள்ளதா என்பதை முதலில் பார்த்துக்கொள்வோம். பிறகு வேட்பாளர் வரும்போது, ஐயா, இவ்விருபதில் முதல் மூன்று எவை, நான்காவதை ஏன் பின்னே வைத்தீர்கள் என்று பணிவுடன் கேட்போம். விடை சொல்பவர் மன்றத்திலும் நமக்காகப் பேசுவார் என்று நம்பலாம்.