பட்டுப்போன தென்னையை நிற்க விடாதீங்க

மேடையில் பேசிப் பழக்கமில்லை. பட்டுப்போன தென்னையைப் பற்றி மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசாங்கமே அறிவித்தது. காங்கேயம், தாராபுரம், உடுமலைப் பக்கமெல்லாம் தென்னை மட்டை தொங்கி நின்றது. எங்கள் தோட்டத்தில் 38 மரம் போச்சு, மாமனார் கையால் வைத்தது. போர் போட வாங்கின சங்கக் கடன் மட்டும் போகலை, தவணை கட்டித்தான் தீர்த்தேன். இப்பவும் வெயில் கூடினால் அங்கங்கே மரம் காயுது.

முன்னே பக்கத்திலேயே மரம் அறுக்கிற மில் இருந்துச்சு. கைமரம், சட்டம் அறுத்து வாங்கி வருவோம். இப்ப வீடெல்லாம் கான்கிரீட், மாட்டுச்சாளைக்கும் தகரம். மில்லை மூடிட்டாங்க. தூரத்து மில்லில் கேட்டால், "தென்னை அறுத்தா பிளேடு மழுங்கிடுதும்மா" என்கிறார்கள். அது பொய்யும் இல்லை. மேல்பக்கம் அவ்வளவு கெட்டி, உள்ளே பஞ்சு. கடைசியில் செங்கல் சூளை வியாபாரி சொன்னதுதான் விலை.

வெட்டுக்கூலிக்கே சரியாப் போகுதுன்னு மரத்தை அப்படியே விட்டுடறோம். அங்கேதான் ஆபத்து. காண்டாமிருக வண்டு மக்கின தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான் முட்டை வைக்கும். வண்டானதும் நல்ல மரத்துக் குருத்தைக் குடையும். விரிந்த மட்டை கத்தரியால் வெட்டின மாதிரி இருந்தால் அதுதான். நம்ம கட்டையில் வளர்ந்த வண்டுக்குப் பக்கத்துத் தோட்டத்து வேலி தெரியாது.

காய்ந்த உடனே வெட்டுங்க, நாளானால் மக்கி விலை போகாது. வயசான மரத்தின் அடிப்பாகத்தைச் சூளைக்குத் தள்ளாமல் தனியா வையுங்க, அதுதான் சட்டத்துக்கு ஆகும். தூரையும் தோண்டி எடுத்துடுங்க. 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் தோப்புக்குள் வைத்தால் வண்டு வந்து விழும்.

நாலு மரத்துக்கு எந்த மில்காரரும் லாரி அனுப்ப மாட்டார். பத்துத் தோட்டம் சேர்ந்தால் ஒரு லோடு. மரம் பேசுற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலைன்னு கேட்பாங்க. தவணை கட்டும்போது யாரும் அப்படிக் கேட்கலை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது காய்ந்த மரம் எத்தனை, வயசு என்ன, லாரி வர வழி இருக்கா என்று எழுதி எடுத்து வாங்க. எல்லாரும் சேர்ந்தே போய் விலை பேசலாம்.