தோட்ட ஆபீஸ் பதிவேடுகளை ஸ்கேன் செய்யும்போது நாம் பார்க்க வேண்டியவை

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற இடத்தில் இன்றைக்கு ஆபீஸ் அலுமாரியைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த அலுமாரியில் இருக்கும் செக்ரோலை வைத்துத்தான் நம்முடைய சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கணக்கிடப்படுகின்றன. செக்ரோலில் பேர் விழாத நாளில் நாம் மலையேறிக் கொழுந்து பறித்திருந்தாலும் அதற்கு அத்தாட்சி கிடையாது.

கடதாசியின் பெறுமதியை நம் பாட்டன், பூட்டன்மார் நன்றாக அறிந்திருந்தார்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வந்த 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கலியாணம் முடித்தவர் 7 வருடம், முடிக்காதவர் 10 வருடம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பலரும் அதைக் காட்டக் கடதாசி இல்லாமல் தள்ளப்பட்டார்கள்.

அதற்குப் பிறகும் தோட்டங்கள் பல கை மாறின. 1972இலும் 1975இலும் அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புத்தகங்கள் மூட்டை கட்டப்பட்டு இடம் மாறின. மலைநாட்டின் ஈரமும் கரையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இப்போது அதே பதிவேடுகள் கொம்பியூட்டருக்குப் போகின்றன. இது நல்ல வேலைதான், ஆனால் நம் கண் பார்க்க நடக்க வேண்டிய வேலை.

முதலில் இந்தத் தொழில்நுட்பத்தைத் தெரிந்துகொள்வோம். ஸ்கேன் வருவதற்கு வெகுகாலம் முன்பே மைக்ரோபிலிம் இருந்தது. பக்கத்தைப் படம் பிடித்து, மிகச் சிறியதாக்கி, பிலிம் சுருளில் பதிவார்கள். அமெரிக்க வங்கிகள் 1920களின் கடைசியிலேயே காசோலைகளை இப்படிப் பாதுகாத்தன. பொலியஸ்டர் பிலிமில் வெள்ளி உப்பால் பதிந்த படத்தை முறையாகக் கழுவி, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் 500 வருடம் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் இருந்தால் வாசித்துவிடலாம். ஆனால் ஒருவருடைய பேரைத் தேட வேண்டுமென்றால் சுருளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஈரமான அறையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஸ்கேன் செய்த படத்தை நொடியில் தேடலாம், கொழும்புக்கு அனுப்பலாம், பத்துப் பிரதி எடுக்கலாம். அதன் பலவீனம் வேறு. அது இருக்கும் டிஸ்க் சில வருடங்களில் பழுதாகும். யாராவது நேரத்துக்குப் புதிய டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே கொம்பியூட்டரில் மட்டும் வைத்தால், அது கெட்ட அன்றைக்கு மொத்தப் பதிவும் போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி நிபுணர் ஒரு கட்டடப் படத்தை ஜெராக்ஸ் கம்பனியின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். ஓர் அறையின் அளவு 21.11 சதுர மீட்டர் என்று இருந்தது. வெளியே வந்த படத்தில் 14.13 என்று இருந்தது. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரிந்த துண்டுகளை ஒன்றே என்று எடுத்துக்கொண்டு இயந்திரம் மாற்றி ஒட்டிவிட்டது. 6 என்பது 8 ஆகவும் மாறியது. படம் தெளிவாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கம்பனி பிறகு அதைத் திருத்திக் கொடுத்தது. நமது செக்ரோலில் 26 நாள் என்பது 28 ஆனால் கம்பனி சத்தம் போடும். 18 நாள் என்பது 16 ஆனால் யார் சத்தம் போடுவது?

பேர் விசயமும் அப்படித்தான். கணக்கப்பிள்ளை கையால் எழுதியதைக் கொம்பியூட்டர் சரியாக வாசிக்காது. ஓர் ஆள் இருந்து பட்டியலில் பேரை அடிக்க வேண்டும். நம் ஆட்களுக்கு செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாப நிதியில் இன்னொரு எழுத்து. பட்டியலில் பேர் பிழைத்தால், பக்கம் உள்ளே இருந்தும் தேடினால் கிடைக்காது.

இதனால் என்ன நட்டம்? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக வர வேண்டும். பதிவேட்டில் 10 வருடம் காணாமல் போனால் 140 நாள் சம்பளம் போய்விடும். சேமலாப நிதியில் நமது 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்கு 200 ரூபாய். எந்த மாதம் கட்டவில்லை என்று கேட்பதற்கும் அந்த மாதத்துப் பதிவுதான் நமக்குச் சாட்சி.

ஆகவே உங்கள் தோட்டத்தில் ஸ்கேன் வேலை நடந்தால் துரையிடம் ஐந்து விசயங்களை எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, புத்தகங்கள் வெளியே போகுமுன் எத்தனை புத்தகம், எந்தெந்த வருடம் என்று பட்டியல் போட்டு, தோட்டக் கமிட்டிக்கு ஒரு பிரதி தர வேண்டும்.

இரண்டு, பக்கத்தின் பின்புறம், ஓரத்தில் எழுதியது, கிழிந்த தாள் எல்லாம் சேர்த்து, அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும்.

மூன்று, பேரோடு சேமலாப நிதி இலக்கத்தையும் பட்டியலில் போட வேண்டும்.

நான்கு, சில பக்கங்களை எடுத்து மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது நம் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து, ஸ்கேன் முடிந்தது என்று சொல்லி மூலப் புத்தகத்தை எரிக்கவோ பழைய கடதாசிக்கு விற்கவோ கூடாது.

ஆபீஸ் பதில் தராவிட்டால் மாவட்டக் காரியாலயத்துக்கு உடனே அறிவியுங்கள். தொழில் திணைக்களத்தில் இருக்கும் உங்கள் சேமலாப நிதி விபரங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.

வீட்டிலும் நமக்கு வேலை இருக்கிறது. லயத்தில் தீப்பிடித்தால் உடுதுணியோடு ஓடி வருகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன்களே புதைந்தன. அதனால் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்குக் கூற்று எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். நாலு மூலையும் தெரிய வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். மூலத்தை லெமினேட் பண்ண வேண்டாம், சூட்டில் பழைய மை கெடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுப்புக்கும் ஒழுகும் கூரைக்கும் தூரமாக வையுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் தோட்டத்தில் எந்த வருடத்திலிருந்து செக்ரோல் இருக்கிறது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் நாளைக்கு "புத்தகம் இல்லை" என்று எவரும் சொல்லும்போது, "இருந்ததே, எங்கே போனது?" என்று நம்மால் கேட்க முடியும்.